சம்பளத்தோடு கட்டப்பட்ட படிவம்

பொறியியல் கல்லூரி ஆசிரியர்களின் ஆண்டு ஊதிய உயர்வை முடிவு செய்யும் தாளில், மாணவர் கருத்துக் கணிப்பின் சராசரிக்கும் இப்போது ஓர் இடம் வந்துவிட்டது. ஃபீட்பேக் ஸ்கோர் என்றுதான் நாங்கள் எல்லோரும் அதைச் சொல்கிறோம். நான் வேலை பார்க்கும் சுயநிதிக் கல்லூரியில், ஐந்துக்கு இவ்வளவு என்று நிர்வாகம் வகுத்திருக்கும் அளவுக்குக் கீழே அந்தச் சராசரி இறங்கினால் அவ்வாண்டு இன்க்ரிமென்ட் கிடையாது. எங்கள் சிவில் துறையில் ஒருவருக்கு அப்படி நிறுத்தப்பட்டது. அவர் என்னைவிட மூத்தவர். அவரிடம் ஒரு பாடம் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு அதன் தொடர்ச்சியை நடத்துபவன் நான். ஆகவே அவருடைய கற்பித்தலைப் பற்றிப் படிவம் சொன்னதற்கும், என் வகுப்பில் நான் கண்டதற்கும் இடையே இருந்த வேறுபாடு எனக்கு நேராகவே தெரிந்தது. அது எனக்கு வருத்தம் தந்தது. ஆனால் அதற்கு அடுத்த பருவத்தில் நடந்தது அதைவிடப் பெரிய வருத்தத்தைத் தந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

இந்த ஏற்பாடு ஏதோ ஒரு நிர்வாகத்தின் தனி யோசனை அன்று. தொழில்நுட்பக் கல்வியை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2019 மார்ச் மாதம் அரசிதழில் வெளியிட்ட ஊதிய விதிமுறைகளில், ஆசிரியரின் மதிப்பீடு நூறு புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டது. வகுப்பெடுப்பதற்கு 25, மாணவர் கருத்துக்கு 25, துறைப் பணிகளுக்கு 20, மீதமுள்ள 30 புள்ளிகள் கல்லூரிப் பணிகள், ஆண்டு ரகசிய அறிக்கை, சமுதாயப் பங்களிப்பு ஆகியவற்றுக்குத் தலா 10. பத்தாம் ஊதிய நிலையில் 57,700 ரூபாயில் தொடங்கும் உதவிப் பேராசிரியர், 68,900 ரூபாயில் தொடங்கும் பதினோராம் நிலைக்கு உயரும்போது இந்த மதிப்பீடும் கணக்கில் வருகிறது. அதாவது நாடு முழுவதற்கும் பொதுவான விதிப்படியே, மாணவர் நிரப்பும் படிவம் ஆசிரியரின் ஊதியத்தைத் தொடுகிறது. அந்தத் தொடக்க ஊதியத்தையே கொடுக்காத சுயநிதிக் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றிலும் இந்தக் கருத்துக் கணிப்பு மட்டும் தவறாமல் நடக்கிறது; பதவி உயர்வுக்கு என்றிருந்தது ஆண்டு இன்க்ரிமென்ட் வரை இறங்கி வந்திருக்கிறது. பேச்சுவார்த்தைக்குச் சங்கமோ, பணிப் பாதுகாப்போ இல்லாத இடத்தில் இதன் பாரம் முழுவதும் தனி ஆசிரியர் மேல் விழுகிறது.

படிவம் நிரப்பப்படும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். பருவத்தின் கடைசி வாரங்களில் ஒருநாள், ஒரு வகுப்பு முழுவதையும் கணினி ஆய்வகத்துக்கு அழைத்துச் செல்வார்கள். மாணவர் தம் பதிவெண்ணைக் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். ஆறேழு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். அடுத்த வகுப்பு வாசலில் காத்திருக்கும். சர்வேயிங் ஆய்வகப் பயிற்சிக்கும் அதே படிவம்தான். வெயிலில் தியடலைட்டை நிறுத்திக் கோணம் அளக்கக் கற்றுத் தந்தவருக்கு, “கரும்பலகையைத் திறம்படப் பயன்படுத்துகிறாரா?” என்ற கேள்விக்கு மாணவர் ஏதோ ஓர் எண்ணைத் தட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்படித் தட்டப்பட்ட எண்களும் சராசரியில் சேரும். மேற்பார்வைக்கு நிற்கும்போது கவனித்திருக்கிறேன்: பெரும்பாலோர் ஓர் ஆசிரியருக்கு ஒரே எண்ணை மேலிருந்து கீழ்வரை இட்டுச் செல்கிறார்கள். கேள்விகள் பன்னிரண்டு இருந்தாலும் மாணவர் பதில் சொல்வது ஒன்றுக்குத்தான். இவரை எனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதற்கு.

இரண்டு பிரிவுகள்

எங்கள் துறையில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பிரிவுகள். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை ஏ பிரிவுக்கு நான் மேலே சொன்ன மூத்தவரும், பி பிரிவுக்கு வேறொருவரும் எடுத்தார்கள். அடுத்த பருவத்தில் இரண்டு பிரிவுகளுக்கும் அதன் தொடர்ச்சியான ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் எடுத்தவன் நான். மூத்தவர் முக்கியக் கேள்விகள் என்று எதையும் குறித்துத் தரமாட்டார். அச்சடித்த நோட்ஸ் தரமாட்டார். வாரந்தோறும் சிறு தேர்வு வைப்பார். கணக்கு தவறாக இருந்தால் திருத்திக் கொடுக்காமல், எந்த வரியில் தவறு என்று மட்டும் கோடிட்டு நோட்டைத் திருப்பித் தருவார், சரியாகும் வரை அது போய்ப் போய் வரும். படிவத்தில் அவருக்குக் கிடைத்த குறிப்புகளில் பலவும் இவைதான்: நோட்ஸ் தருவதில்லை, டெஸ்ட் அதிகம், இம்பார்ட்டன்ட் சொல்வதில்லை. பி பிரிவு ஆசிரியர் அன்பானவர், உழைப்பாளி. பழைய வினாத்தாள்களைப் பிரித்து வகைவகையாகத் தொகுத்துக் கொடுத்து, வகைக்கு இரண்டு கணக்குகள் வீதம் போட்டுக் காட்டிவிடுவார். பல்கலைக்கழகத் தேர்வில் பி பிரிவின் தேர்ச்சி விழுக்காடு சற்று மேலாகவே இருந்தது, ஃபீட்பேக்கும் அப்படியே.

என் பாடத்தின் முதல் வாரத்தில், பழைய பாடம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு விட்டத்தை, அதாவது உத்தரத்தைக் கொடுத்து, பளு அதை எங்கே எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்று காட்டும் பெண்டிங் மொமென்ட் வரைபடம் வரையச் சொல்வது என் வழக்கம். இரண்டு முனைகளிலும் தாங்கிகள், நீளம் முழுவதும் சீரான பளு. இரண்டு பிரிவுகளும் போட்டுவிட்டன. பிறகு வலப்பக்கத் தாங்கியை மட்டும் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தேன். இப்போது விட்டத்தின் ஒரு துண்டு தாங்கியைத் தாண்டி நீண்டிருக்கிறது. அங்கே விட்டம் மேற்புறமாக வளையும், நடுவில் கீழ்ப்புறமாக வளையும், இடையில் எங்கோ ஓரிடத்தில் வளைவு திசை மாறும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏ பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதலில் தாங்கிகளின் எதிர்வினையை எடுத்தார்கள், வெட்டுவிசை எங்கே சுழியாகிறது என்று பார்த்தார்கள், பிறகு மொமென்ட்டுக்கு ஒரு சமன்பாடு எழுதி அதைச் சுழிக்குச் சமமாக்கினார்கள். சிலர் கூட்டலில் தவறினார்கள், ஆனால் பாதை தவறவில்லை. பி பிரிவில் பேனாக்கள் நின்றுவிட்டன. ஒரு மாணவன் எழுந்து, “சார், இதுக்கு எந்த ஃபார்முலா?” என்று கேட்டான். வகைகளை அறிந்த அவனுக்கு வகைக்கு வெளியே ஒரு கணக்கு வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பி பிரிவுக்கு மட்டும் அடிப்படையை மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு துறையில் ஓர் ஆண்டு நடந்ததை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது என்பதை நான் அறிவேன். பிரிவுகள் பிரிக்கப்பட்ட விதத்திலேயே வேறுபாடு இருந்திருக்கலாம். அந்த ஐயத்துக்கு இடமில்லாதபடி இதையே பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் போவது என்பதைத் தாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே தேர்வு, அடுத்த கணிதப் பாடமும் கட்டாயம். ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, எங்கள் இரண்டு பிரிவுகளின் கதையைத்தான் சொல்கிறது. நடப்புப் பாடத்தில் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியர்கள் மாணவரிடம் நல்ல மதிப்பீடு பெற்றார்கள். அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த பாடத்தில் பின்தங்கினார்கள். அனுபவம் மிக்க, ஆழமாக நடத்திய ஆசிரியர்களுக்கு மதிப்பீடு குறைவு. அவர்களுடைய மாணவர்கள் தொடர்ந்து வந்த பாடங்களில் முன்னே நின்றார்கள். மிலான் நகரின் பொக்கோனி பல்கலைக்கழகத் தரவுகளைக் கொண்டு 2014 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் அதே திசையைக் காட்டியது. படிவம் நிரப்பும் நாளில் மழை பெய்தால் மதிப்பீடு குறைகிறது என்பதையும் அது கண்டது.

பெண் ஆசிரியர்களுக்கு இது இன்னும் கூடுதலான அநீதி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடம் ஒன்றில், மாணவர்கள் முகம் பார்க்காத ஆசிரியர்களின் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். வேலையை ஒரே வேகத்தில் திருத்தித் தந்தபோதும், காலம் தவறாமை என்ற தலைப்பில் ஆண் பெயருக்கு ஐந்துக்கு 4.35 கிடைத்தது, பெண் பெயருக்கு 3.55. எங்கள் நிர்வாகம் வகுத்திருப்பது போன்ற எந்த எல்லைக்கோட்டையும் தாண்டவோ தவறவோ இந்த வேறுபாடே போதும். நம் ஊரில் இதனோடு ஆங்கில உச்சரிப்பும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் வழியில் படித்து வந்த முதலாமாண்டு மாணவர்களுக்கு, புரியும்படி தமிழில் விளக்கும் இளம் ஆசிரியை, “தொடர்பாற்றல்” என்ற கேள்வியில் அதே மாணவர்களிடமே குறைந்த எண்ணைப் பெறுவதைப் பார்த்திருக்கிறேன். சரளமான ஆங்கிலத்தைத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஐந்து

மூத்தவரின் இன்க்ரிமென்ட் நின்ற செய்தி மாணவர்களுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. கல்லூரியில் எதுவும் மறைவாக இருப்பதில்லை. அப்போது அதே மாணவர்களுக்கு அவர் வேறொரு பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தின் முடிவில் வந்த அவருடைய படிவங்களில் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் ஐந்து. துறைத் தலைவர் மகிழ்ந்தார். ஆசிரியர் தம்மைத் திருத்திக்கொண்டார், திட்டம் பலன் தந்துவிட்டது என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டது.

சில நாட்கள் கழித்து, வேறு ஒரு வேலையாக என் அறைக்கு வந்த அந்த வகுப்பின் மாணவி ஒருத்தி, தானாகவே இந்தப் பேச்சை எடுத்தாள். “சார், நாங்க கோபத்துல எழுதல. போர்டுல சார் ரொம்பச் சின்னதா எழுதுவார், பின்னாடி பெஞ்சுக்குத் தெரியாது. அதத்தான் எழுதினோம். அவர் சம்பளத்துல கை வைப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா எழுதியே இருக்க மாட்டோம்.” இப்போதாவது பலகை தெரிகிறதா என்று கேட்டேன். “இல்ல சார். முன்னாடி உக்கார்றவங்க நோட்ட வாங்கி எழுதிக்கறோம்” என்றாள். அப்படியானால் எழுத்துத் தெளிவு என்ற கேள்விக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு, “எல்லாத்துக்கும் அஞ்சுதான் சார்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதுவரை எனக்கு இருந்த மறுப்பு, அந்தப் படிவம் ஆசிரியரைத் தவறாக அளக்கிறது என்பது. அது அளவுகோலைப் பற்றிய மறுப்பு. கேள்விகளைத் திருத்தி, ஆய்வகத்துக்குத் தனிப்படிவம் வைத்து, சராசரியைக் கவனமாகக் கணக்கிட்டால் ஓரளவு சரிப்படுத்தலாம் என்று நானும் எண்ணியிருந்தேன். அந்த மாணவி சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எண்ண முடியவில்லை. பின்வரிசைக்குப் பலகை தெரியவில்லை என்பது, அந்த வகுப்பில் இருந்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய உண்மை. துறைத் தலைவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, பலகைக்கு அருகில் நின்று எழுதும் ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. அதை அவர்கள் முறைப்படி சொன்னார்கள். சொன்னதும் அது தண்டனையாக மாறி ஒரு குடும்பத்தின் வருமானத்தில் விழுந்தது. தங்களுக்குப் பிடித்தமில்லாத கண்டிப்பு இருந்தாலும் அவர் மேல் அவர்களுக்கு மரியாதை இருந்தது. ஆகவே அடுத்த முறை வாயை மூடிக்கொண்டார்கள். படிவத்தைப் பார்த்த அவர், தம் எழுத்து எல்லோருக்கும் தெரிகிறது என்று நம்பினார். பின்வரிசை இரவல் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தது. சம்பளத்தோடு கட்டாமல் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய குறை அது.

இரக்கத்தால் வாய் மூடுகிறவர்கள் இவர்கள் என்றால், அச்சத்தால் மூடுகிறவர்கள் இன்னும் அதிகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிகளின்படி எழுத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 மதிப்பெண் அகமதிப்பீடு. அது ஆசிரியரின் கையில் இருக்கிறது. பதிவெண்ணைக் கொடுத்து நுழைந்த திரையில், பெயர் வெளியே தெரியாது என்ற உறுதிமொழியை எந்த மாணவர் நம்புவார்? ஆசிரியரின் சம்பளம் மாணவரிடமும், மாணவரின் இன்டர்னல் மார்க் ஆசிரியரிடமும் இருக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்றாகிவிடுகிறது. கருத்துக் கணிப்பு நெருங்கும் வாரங்களில் சிறு தேர்வுகள் நிற்பதும், அட்டெண்டன்ஸில் கண்டிப்பு தளர்வதும், வினாத் தொகுப்புகள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதும் எந்த ஆசிரியரின் தீய எண்ணத்தாலும் அன்று. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

எதிர்வாதத்தின் நியாயம்

இதற்கு மறுபக்கம் உண்டு, அதை நான் இலேசாகக் கருதவில்லை. வகுப்புக்கே வராமல் முழு ஊதியம் பெற்றவர்களிடம் படித்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர்களில் பலர் இன்று பெற்றோர்கள். மாணவர் சொல்லுக்குப் பண பலம் வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776 இலேயே இதைச் சொன்னார்: ஆசிரியரின் வருமானம் அவர் உழைப்பைச் சாராமல் நிலையாக வந்தால் அவர் கடமையில் அசட்டையாவார், ஆக்ஸ்ஃபோர்டின் பேராசிரியர்கள் பெரும்பாலோர் கற்பிப்பதுபோல் பாவனை செய்வதைக்கூடக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் கடுமையாகக் குறிப்பிட்டார். அவருக்கும் முன்பு, இடைக்கால பொலோனா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே பணம் திரட்டி ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள், தாமதமாக வந்தால் அபராதமும் விதித்தார்கள். பிற்பாடு நகர நிர்வாகம் ஊதியம் கொடுக்கத் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்தது.

நம் காலத்தில் இந்த எண்ணத்தை வெளிப்படையாகச் செயல்படுத்திய இடங்களில் ஒன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். 2009 வாக்கில், மாணவர் மதிப்பீட்டை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு, விரும்பிப் பங்கேற்கும் ஆசிரியர்களுக்கு 10,000 டாலர் வரை வெகுமதி என்று அறிவித்தார்கள். அங்கும் ஆசிரியர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. என்றாலும் அது மேலதிக வெகுமதிதான். விலகி நின்றவர்களின் ஊதியத்தை அது தொடவில்லை. நம்மிடம் நடப்பது அதனினும் கடுமையானது, ஏனெனில் இங்கே இன்க்ரிமென்ட் என்பது விலைவாசியோடு ஓடிப்பிடிக்க ஆசிரியருக்கு இருக்கும் ஒரே வழி.

வகுப்புக்கு வராத ஆசிரியர் என்ற பிரச்சினைக்கு இந்தப் படிவம் தேவையே இல்லை. வந்தாரா, பாடத்தை முடித்தாரா, விடைத்தாளைத் திருத்தித் தந்தாரா என்பவற்றைக் கால அட்டவணையும் பதிவேடும் சொல்லும். அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்க ஒரு முதல்வருக்கு அதிகாரமும் உண்டு. இன்னொரு பக்கம், வகுப்பில் ஒரு மாணவரின் சாதியைக் குத்திப் பேசியது, மாணவியிடம் தகாத முறையில் நடந்தது போன்றவை சராசரியில் கரைந்துவிடக் கூடாதவை. அறுபது பேரில் ஒருத்தி மட்டும் ஒன்று போட்டு மற்றவர்கள் ஐந்து போட்டால் அந்த ஆசிரியரின் எண் 4.9 என்று நிற்கும். அத்தகைய புகார் போய்ச் சேர வேண்டிய குழு சட்டப்படி வேறு இருக்கிறது, அங்கே ஒரே ஒரு குரல் போதும். கடமை தவறுதலையும் குற்றத்தையும் இப்படி நீக்கிவிட்டால் படிவத்துக்கு மிஞ்சுவது, எனக்குப் புரிந்ததா, பலகை தெரிந்ததா, வேகம் அதிகமா, அவமானப்படாமல் கேள்வி கேட்க முடிந்ததா என்பவைதான். இவை ஆசிரியரின் காதுக்குப் போக வேண்டியவை. கணக்குப் பிரிவுக்கு இவற்றால் ஆக வேண்டியது எதுவும் இல்லை.

கனடாவில் 2018 ஆம் ஆண்டு, டொராண்டோ நகரில் அப்போது ரையர்சன் என்று அழைக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் இதே வழக்கு நடுவர் முன் போனது. கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வையும் பணி நிரந்தரத்தையும் முடிவு செய்ய மாணவர் மதிப்பீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் வில்லியம் கப்லான் தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், தங்கள் வகுப்பனுபவத்தைப் பற்றிச் சொல்ல மாணவரைவிடத் தகுதியானவர் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். இரண்டையும் ஒருசேரச் சொன்னதுதான் அத்தீர்ப்பில் எனக்குப் பிடித்தது. மாணவர் குரலுக்கு மதிப்புக் குறைவு என்பதற்காக அதைச் சம்பளத்திலிருந்து பிரிக்கவில்லை. அந்தக் குரல் எதற்குச் சாட்சி சொல்ல முடியும், எதற்கு முடியாது என்று பார்த்துப் பிரித்தார்.

எங்கள் துறைக் கூட்டத்தில் நான் எழுத்துமூலம் கொடுத்த கோரிக்கையும் இந்த வழியில்தான் அமைந்தது. பருவத்தின் நடுவில், பாடத்தைத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கும்போதே, பெயரும் பதிவெண்ணும் இல்லாத வெற்றுத்தாளில் மாணவர்கள் எழுத வேண்டும். அதை ஆசிரியர் மட்டும் படித்து, அடுத்த வகுப்பில் எதை மாற்றுகிறார், எதை மாற்ற மாட்டார், ஏன் என்று மாணவர்களிடம் சொல்ல வேண்டும். வாராந்திரத் தேர்வை நிறுத்த மாட்டேன் என்று சொல்வதற்கும் அவருக்கு உரிமை உண்டு. கற்பித்தலை மதிப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அடுத்த பருவத்தில் அதே மாணவர்களைப் பெறும் ஆசிரியரையும், வகுப்பில் வந்து உட்காரும் மூத்த ஆசிரியரையும், படிப்பை முடித்து வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பழைய மாணவர்களையும் கேட்கட்டும். இதற்கு நேரமும் உழைப்பும் அதிகம் ஆகும், ஆகட்டும். இன்க்ரிமென்ட் தாளிலிருந்து ஃபீட்பேக் வரியை நீக்க வேண்டும் என்பது கோரிக்கையின் கடைசிப் பத்தி. மூத்தவரும் அதில் கையெழுத்திட்டார், பி பிரிவு ஆசிரியரும் கையெழுத்திட்டார்.

நடுப்பருவத் தாளை எங்கள் துறையில் மட்டும் தொடங்கிப் பார்க்க நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. இன்க்ரிமென்ட் வரியைப் பற்றி, ஏஐசிடிஇ விதியில் 25 புள்ளிகள் இருக்கும்வரை தாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. அந்த விதி பதவி உயர்வுக்கானது, ஆண்டு இன்க்ரிமென்ட்டை நிறுத்தச் சொல்லி அதில் எங்கும் இல்லை என்று மறுகடிதம் கொடுத்திருக்கிறோம். நிறுத்திய தொகையை மூத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறோம்.